பட்டாளத்து ஆதம்பாவாவின் படம்

– கழட்ட வேணாம்கா. சுவரில இரிக்கக்குள்ளயே போனால படம் புடி. கண்ணாடி வெடிச்சிரிக்கி, கைய வெட்டிப்போடும்.

– சரி ராத்தா. அந்த யன்னலக் கொஞ்சம் திறந்து உடுங்க, வெளிச்சம் போதா.

– வீட்டுல உருவப்படம் கூடாது எண்டுற பள்ளிவாசல் ஆக்கள் வந்தா மட்டும் சீலயால மூடுவம். மத்த நாளெல்லாம் மூத்தாப்பா இப்பிடித்தான், தொப்பியும் பட்டனுமா எங்களப் பாத்துட்டு இரிப்பார். என்ன ஆம்புளகா! பாலமுனையில அந்தக் காலம் வெள்ளக்காரன்ட பட்டாளத்துக்குப் போன ஒரே ஆள்.

– வேற ஒருத்தரும் போகல்லயா? நல்லா யோசிச்சிச் செல்லுங்க.

– இதில என்னகா யோசின? ஆதம்பாவா எண்டா பட்டாளம், பட்டாளம் எண்டா ஆதம்பாவா. தாய்வழியில வரிசைநாச்சி குடி. ஊருல ஆரக் கேட்டாலும் செல்லுவாங்க.

– அப்ப சரியான வீட்டுக்குத்தான் வந்திரிக்கன். நஸ்லா எடுத்த வேலய உடமாட்டாள் எண்டு எங்கட மருதமுனையில சும்மாவா செல்லுற? ரெண்டு வருசமாத் தேடுறன் ராத்தா. லண்டன்ல இரிக்கிற பட்டாளத்து ஆக்களுக்கும் எழுதிக் கேட்டன். பீரங்கிப் படையில இரிந்தவர், பாலமுனை ஆள் எண்டு பதில் வந்த. இது அவர் பொறந்த வீடுதானே? நீங்க அவர்ர தங்கச்சிட வழியா?

– பொறந்த வீடா? நீயும் எங்கட பக்கத்துப் புள்ளதானே, இது தெரியாதா? ஆம்புளைட படம் அவன் கலியாணம் முடிச்ச வீட்டுலதானே தொங்கும்! இது எங்கட மூத்தம்மாட சீதன வீடு. என்ட வாப்பா ஷரிபுதீன், இவர்ர மகன். உள்ளுக்கு ஓதிட்டு இரிக்கார்.

– மகனா?

– ஒரே மகன். வாப்பா வயித்துல இரிக்கக்குள்ளதான் ஜப்பான்காரன் திருக்கோணமலையில குண்டு போட்ட. கூட இரிந்த ஒராள் வந்து, ஆதம்பாவா சண்டையில சஹீதாப் போனார் எண்டு செல்லிட்டுப் போன. மையித்து வரல்ல. வாப்பா பொறக்குமட்டும் மூத்தம்மா வெளிய வராம இத்தா இரிந்த. அதுக்குப் பிறகு மௌத்தாகுமட்டும் வெள்ள உடுப்புத்தான், வேற கலியாணம் வேணாம் எண்டுட்டா. நாளைக்கு அவர்ர பேரில கத்தம் ஓதிச் சோறு குடுக்கிறம். கிடாய் வந்திட்டு, அரிசி ஊறப்போடணும். நில்லு, நீயும் சாப்பிட்டுட்டுப் போகலாம். என்னகா, போனக் கீழ வெச்சிட்டாய்?

– ராத்தா, இரிங்க. உங்கள இனி ராத்தா எண்டு கூப்பிடவும் ஏலா.

– ஏன், நான் என்ன செஞ்ச?

– நீங்க எனக்கு மச்சி. இவர் என்ட உம்மாட வாப்பா.

– என்னகா கதைக்கிற நீ?

– குண்டு போட்ட அண்டைக்குக் காயப்பட்டவர்தான். மௌத்தாகல்ல. ஆசுபத்திரியில கிடந்து, சண்ட முடிஞ்ச பிறகு பட்டாளத்த உட்டு வந்தவர் எண்டு லண்டன்ல இரிந்து எழுதியிரிக்காங்க. அதுக்குப் பிறகு மருதமுனையில எங்கட மூத்தம்மாவ முடிச்சார். தாய் தகப்பன் இல்லாத ஆள் எண்டுதான் செல்லியிரிக்கார்.

– வேற ஆதம்பாவாவா இரிக்கும்.

– பாலமுனை, பட்டாளம். எங்கட மூத்தம்மா செல்லின குடியும் வரிசைநாச்சிதான். போனது ஒரே ஆள் எண்டு நீங்கதான் செல்லின.

– வாய மூடு! மருதமுனைக்கும் பாலமுனைக்கும் பஸ்ஸில ஒரு மணித்தியாலமும் இல்ல. உசிரோட இரிந்தவர் வந்து எட்டிப் பாக்கமாட்டாரா?

– ஏன் வரல்ல எண்டு எனக்குத் தெரியா மச்சி. அவர நல்லவர் எண்டு செல்ல நான் வரல்ல. செஞ்சது அநியாயம்.

– அநியாயம் எண்டு செல்லிட்டு நீ போயிடுவாய். நான் என்ன செய்ய? என்ட வாப்பா சஹீதுட மகன் எண்டு தல நிமிந்து நடந்த மனிசன். இத்தின வருசமும் அவர் குடுத்த கத்தத்த எங்க கொண்டுபோய்ப் போடுற? இது தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார். மெதுவாக் கதை.

– எனக்கும் வெளங்குது. படம் என்ட போனுக்குள்ள வந்திட்டு, பேசாம சலாம் செல்லிட்டுப் போயிரிக்கலாம். மனசு உடல்ல.

– அந்தப் படத்த அழி! நீ ஒண்டும் கேக்கல்ல, நான் ஒண்டும் செல்லல்ல. இந்தப் பக்கம் வராத.

– அழிக்கமாட்டன். கோவிச்சாலும் பரவால்ல. இது எனக்கில்ல, என்ட உம்மாக்கு.

– உன்ட உம்மாக்கு என்ன கொறஞ்ச? வாப்பாவோட இரிந்தவதானே!

– எங்க இரிந்த? மூத்தாப்பா மௌத்தாகக்குள்ள உம்மா நடக்கவும் பழகல்ல. வாப்பாட முகம் எப்பிடி, முகம் எப்பிடி எண்டு கேட்டுக் கேட்டே அவக்கு வயசு போயிட்டு. எங்கட வீட்ட ஒரு படமும் இல்ல மச்சி.

– கூடப்பொறந்த காக்கா, தம்பி ஒருத்தரும் இல்லயா?

– ஒருத்தரும் இல்ல. ஊருல மத்தப் பொம்புளப் புள்ளயளுக்குக் காக்காமார் ஒழச்சி வீடு கட்டிக் குடுக்காங்க. உம்மாக்கு ஆரு இரிக்கா? மூத்தம்மாதான் தறியில இரிந்து சாரன் நெய்து நெய்து செவர எழுப்பின. உம்மாட கலியாணத்துக்கும் கூரைக்கு ஓடு போடல்ல, கிடுகுதான். அவ ஒரே ஒருக்கா வாப்பாட முகத்தப் பாக்கட்டும். அவ்வளவுதான் நான் கேக்கிற.

– எங்கட மூத்தம்மா அழுதத நீ பாக்கல்ல. வாப்பா! நீங்க எப்ப எழும்பி வந்த? எவ்வளவு நேரமாக் கதவடியில நிக்கிற? ஒண்டுமில்ல வாப்பா, இந்தப் புள்ள வீடு மாறி வந்திட்டாள். இப்ப போயிடுவாள்.

– றிபா, நீ சும்மா இரி. எனக்கு ஒரு தங்கச்சி இரிந்திரிக்கா, அவள்ர வீட்டுக்கு நான் ஒரு கல்லும் எடுத்து வைக்கல்லயே.