திரும்பிவர வெட்கப்படாதே

விமானப் பயணத்திலேயே ஆபத்தான கட்டம், ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் பழங்காநத்தம் ரவுண்டானாவைத் தாண்டுவதுதான். இப்படிச் சொல்லித்தான் என் வகுப்பைத் தொடங்குவேன் சார். எல்லாரும் சிரிப்பார்கள். "அது பெரிய விமானத்துக்கு. நீங்க ஓட்டுற சின்ன விமானத்துக்கு இல்ல" என்பேன். அதற்கும் சிரிப்பார்கள். சிக்கல் அங்கேதான்.

உசிலம்பட்டிச் சாலையில் இருக்கும் எங்கள் பிளையிங் கிளப்பில் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான். நாகசுப்பிரமணியன் வகுப்பென்றால் வடையும் டீயும் பிரமாதம் என்று பெயர். பாடம் எதைப் பற்றி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பாடம் சின்னதுதான். எஞ்சின் கெட்டுச் செத்தவர்களைவிட முடிவு கெட்டுச் செத்த விமானிகள் அதிகம். கீழே நாலு பேர் காத்திருக்கிறார்களே என்று மேகத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். தரையைப் பார்த்து மட்டுமே ஓட்டத் தெரிந்தவனுக்கு, உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மேல் எது, கீழ் எது என்பதே புரியாது. திரும்பிவர வெட்கப்படாதே. அவ்வளவுதான் பாடம்.

பாலகணேஷ் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தான். கலகலப்பானவன். எனக்கும் அவனைப் பிடிக்கும். "அண்ணே, நீங்க சொல்ற மாதிரி இம்புட்டு பயந்தா, வைகைப் பாலத்தக்கூடத் தாண்ட முடியாதுண்ணே" என்பான். வகுப்பே அவன் பக்கம் சாயும். அமெரிக்காவில் விழுந்த விமானங்களைச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் உறைக்கவில்லை. நம் ஊர்க்காரன் ஒருவன் வேண்டியிருந்தது.

சேலத்திலிருந்து அவன் பயிற்சியாளர் துணையில்லாமல் ஓட்டிவரும் முதல் பயணத்துக்குப் பாராட்டு விழா எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். துள்ளிக் குதித்தான். தேதி குறித்ததும் நான்தான். ஜோசியரைக் கேட்கவில்லை, வானிலை அறிக்கையைப் பார்த்தேன். ஐப்பசியில் மேகம் அடைக்கும் நாளுக்குப் பஞ்சமில்லை. கொட்டுமேளம் சொன்னேன். ஆளுயர பிளக்ஸ் வைத்தேன். மருமகனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லிக்கொண்டிருந்த அவன் மாமனாரைத் தேடிப்போய் அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்தேன். இத்தனை பேர் காத்திருக்கும்போது எந்த மாப்பிள்ளை திரும்பிப் போவான்?

அவனோடு சேலத்துக்குப் போகவிருந்த மனைவி காவ்யஸ்ரீ, திரும்பும்போது கூடவே பறந்து வர ஆசைப்பட்டாள். "நீ முந்தின நாளே ரயில்ல வந்துரும்மா, வரவேற்க ஆள் வேணும்ல" என்றேன். தேவையில்லாமல் இன்னோர் உயிரைப் பணயம் வைப்பது பாதுகாப்புக்கு விரோதம். அந்த விஷயத்தில் நான் கறார்.

சிறுமலைச் சரிவில் விழுந்தான். விமானத்தில் நான் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. விமானியின் தவறு என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அரைகுறை. காரணத்தை அடிவரை தோண்டாத அறிக்கையால் யாருக்கும் பயனில்லை. அதனால்தான் நானே உங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன்.

இப்போது என் வகுப்பில் டீ ஆறிப்போகிறது. ஒருவரும் எழுந்து போவதில்லை. போன மாதம் இரண்டு பேர் மேகத்தைப் பார்த்ததும் பாதி வழியில் திரும்பிவந்துவிட்டார்கள். அந்த இரண்டு உயிரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரேடியோ என் கையில்தான் இருந்தது. அவன் ஒருமுறை கூப்பிட்டான். குரலில் சிரிப்பில்லை.

"அண்ணே, மலைப்பக்கம் மேகம் அடைச்சுக்கிட்டு நிக்குது. சேலத்துக்கே திரும்பிரவா? அங்கிட்டு எப்படி இருக்கு?"

அதாவது, என் பாடம் அவனுக்கு ஏறித்தான் இருந்தது.

"இங்க தெளிவா இருக்கு, மாமனார் வந்து உக்காந்துட்டாரு. வாப்பா" என்றேன்.

அதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள் சார். நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, நீலம் தெரிந்தது.