தராசு மாமாவின் கேமரா

உங்கள் பிரிண்டரில் கோளாறு ஒன்றுமில்லை சார். அந்தக் கான்ஸ்டபிள் அதைத் தட்டினார், மூடியைத் திறந்து ஊதினார், கடைசியில் கெட்ட வார்த்தையும் சொன்னார். பார்க்கப் பாவமாக இருந்தது. பிரிண்டரைச் சொல்கிறேன். இந்த ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களை எல்லாம் திறந்த இயங்குதளத்துக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு, மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பிரிண்டர் கம்பெனிக்காரன் அதற்கு டிரைவர் எழுதித் தரவில்லை. டிரைவர் என்பது ஒரு சின்ன நிரல். கம்ப்யூட்டருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்லும். அது இல்லையென்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கும். நான் சொல்லி முடித்ததும் சரிசெய்து தருகிறேன். இல்லாவிட்டால் இத்தனையையும் நீங்கள் கையால் எழுத வேண்டிவரும்.

என் பிழைப்பே அதுதான். ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு வெளியே, இந்த இயங்குதளத்தை வைத்து மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அங்கே பதில் சொல்வதும் ஒழுங்கு பார்ப்பதும் என் பொறுப்பு. அங்கே என் பெயர் திறவுகோல். நானே வைத்துக்கொண்டது, வீட்டில்கூடச் சொன்னதில்லை. வேறு யார் எனக்கு அப்படி ஒரு பெயர் வைக்கப்போகிறார்கள்.

பூட்டி வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நீ வாங்கிய பொருள் எப்படி வேலை செய்கிறது என்று உனக்கே சொல்ல மாட்டேன் என்கிற கம்பெனிகளை நினைத்தால் வயிறு எரியும். சாப்பாட்டு வேளையில்கூட அதைப் பற்றிப் பேசுவேன். "உங்க தலையில தண்ணி வெச்சா கொதிச்சிரும்" என்பாள் என் மனைவி.

அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் பொய் வராது. கூரியர் ஆபீஸில் வேலை. லீவு வேண்டுமென்றால் மற்றவர்கள் காய்ச்சல் என்பார்கள், தலைவலி என்பார்கள். இவள், "இன்னைக்கு வர மனசில்லை சார்" என்று சொல்லி, நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு லீவு எடுப்பாள்.

அவள் அப்பாவால் வந்த குணம் அது. மாமா எடை, அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஊருக்கு அவர் தராசு. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, மனிதர்களை எடை போட ஆரம்பித்தார். நான் பெண் கேட்டுப் போன அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே மகளிடம் சொன்னார்: "பையன் பரவால்ல. கொஞ்சம் எடை குறையுது."

என் உடம்பைச் சொல்லவில்லை. அப்போது நான் நன்றாகத்தான் இருந்தேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுவிட்டது. பேச்சும் போனது. கண்ணும் மூளையும் மட்டும் பழையபடி டியூட்டியில் இருந்தன. எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். புரட்டிப் படுக்க வைத்தது நான். குளிப்பாட்டியது, ஊட்டியது, சவரம் செய்தது நான். பெருமைக்குச் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு முறை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை. அவ்வளவுதான் பேச்சு.

என் மச்சினன், அவள் தம்பி, ஒரு கேமரா வாங்கி வந்தான். திரையில் எழுத்துகள் இருக்கும். மாமா எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கேமரா கண்டுபிடிக்கும். எழுத்து சேர்ந்து வார்த்தையாகும், கம்ப்யூட்டர் அதை வாசிக்கும். ஆனால் விலைக்கு விற்கிற அந்த இன்னொரு இயங்குதளத்துக்கு மட்டும்தான் கம்பெனிக்காரன் தன் மென்பொருளைத் தந்திருந்தான்.

"அதையே போட்டுடலாமே அத்தான். இப்ப என்ன குடி முழுகிடும்?" என்றான் மச்சினன்.

"போடலாம். அப்பறம் உங்கப்பா பேசுற ஒவ்வொரு வார்த்தையும் கம்பெனிக்காரன் காதுக்குப் போகும். பரவால்லையா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்தேன்.

மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒரு புண்ணியவான் இதே கேமராவின் பழைய மாடலுக்கு டிரைவர் எழுதி வைத்திருந்தார். எந்தெந்தக் கேமராவை ஏற்றுக்கொள்வது என்று அதற்குள் ஓர் அட்டவணை. எங்கள் கேமராவின் எண் அதில் இல்லை. சேர்த்தேன். கேமராவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அழுதுவிட்டேன் சார். என் கல்யாணத்தில்கூட நான் அழவில்லை.

வாசிக்கிற குரல்தான் கொஞ்சம் இடித்தது. இலவசமாகக் கிடைத்த நல்ல தமிழ்க் குரல் ஒரு பெண்ணுடையது. செய்தி வாசிப்பது மாதிரி, தேன் தடவிய குரல்.

முதல் வாக்கியத்துக்கு எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் பெயரைச் சொல்வார் என்று நினைத்தோம். மாமா ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். கடைசியில் அந்தப் பெண்குரல் இனிமையாக வாசித்தது: "இது ரொம்ப மெதுவா இருக்கு. நல்லா தெரிஞ்ச ஆளா பாத்துக் காட்டுங்க."

மச்சினன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். முகத்தில் அதற்கென்று இருக்கிற சதைகளை நகர்த்தினேன்.

அதன்பிறகு தினமும் நடந்தது. "மாப்பிள, ஃபேன் சத்தம் போடுதே, அதுக்கும் டிரைவர் இல்லையா?" "மாப்பிள, அந்தச் சட்டை தொவைச்சதா, காத்தாட விட்டதா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்கவே வந்தார்கள். வாயில்லாத மனிதருக்கு ஒரு வாய் செய்து கொடுத்தேன். அது கடிப்பதற்கு என்னை மட்டும் தேர்ந்தெடுத்தது.

ஒரு நாள் நான் அவருக்குத் தலையணையை மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் வந்தது: "எடை போட்டுப் பாத்துட்டேன் மாப்பிள. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வராங்கல்ல. அவங்க முன்னாடி சொல்றேன்."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இனி பேச்சில்லை என்று அர்த்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்து உறவுக்காரர்கள் மொத்தமும் அவரைப் பார்க்க வருவதாக இருந்தது. நான் பெண் கேட்டுப் போன அன்று அந்த அறையில் இருந்த அதே ஆட்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கத்துகிற கோபம் இல்லை. அந்த மாதிரி வந்திருந்தால் நல்லது, நாலு பாத்திரத்தை உருட்டிவிட்டு முடிந்திருக்கும். இது உள்ளே இறங்கி, நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்ட கோபம். அந்த மனிதரின் மலத்தை அள்ளிய கையால் நான் அவருக்குப் பேச்சு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

இந்த இயங்குதளத்தில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ஒரு டிரைவரின் பெயரை எழுதிவைத்தால், கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது அதை எழுப்பாது. தொல்லை கொடுக்கிற டிரைவர்களை ஒதுக்கி வைப்பதற்கான ஏற்பாடு. ஒரே ஒரு வரி எழுதினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கேமரா இருந்த இடத்தில்தான் இருந்தது. அது இருப்பது கம்ப்யூட்டருக்கும் தெரியும். பேச்சுவார்த்தைதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

"அப்டேட்டுக்கு அப்பறம் ஒத்துக்க மாட்டேங்குது" என்றேன். எந்த வீட்டிலும் யாரும் மறுகேள்வி கேட்காத வாக்கியம் சார் அது.

"எப்படியாவது ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்களேன்" என்று அவள் கெஞ்சினாள். கெஞ்சுகிற முகத்துக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. அப்பாவும் மகளும் சேர்ந்து எனக்கு ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்தது. எனக்கு இதெல்லாம் சீக்கிரம் புரிந்துவிடும்.

வந்தவர்கள் முன்னால் கேபிளைப் பிடுங்கினேன், செருகினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை ஓடவிட்டேன். ஆபரேஷன் நடப்பது மாதிரி மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். "பாவம், அந்தப் புள்ள என்ன பாடுபடுது" என்றார் மாமாவின் தங்கை. அந்தக் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. மாமா அந்த நேரம் முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளத் தராசைப் பார்த்துப் பழகிய கண் அது.

மறுநாள் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் எடுக்கவில்லை.

மச்சினன் வேறு லேப்டாப் கொண்டுவருவதாகச் சொன்னான், விலைக்கு விற்கிற அந்த இயங்குதளத்தோடு. நான் மறுபடி ஒட்டுக்கேட்பதைப் பற்றிச் சொன்னேன். ஒரு மனிதரின் பேச்சு அவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்றேன். இன்றைக்கும் அதை நம்புகிறேன்.

"டேய், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? சும்மா இரு" என்று அவள் தம்பியை அடக்கினாள்.

பிறகு ஒரு நாள் எங்கள் இணையக் குழுவில் ஒரு கேள்வி வந்தது. கேமராவின் எண்ணைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. "அப்பா கண்ணாலதான் பேசுவார். அப்டேட்டுக்கு அப்புறம் கேமரா வேலை செய்யலை. என் கணவர் ரொம்பக் கஷ்டப்படுறார். அவருக்குத் தெரியாமல் கேட்கிறேன்."

திறவுகோல் பதில் எழுதினான். தவறு கேமரா கம்பெனியுடையது, இந்த இயங்குதளத்தில் வழியில்லை என்று எழுதி, கேள்விக்கு மேலே 'தீர்ந்தது' என்று போட்டு, இனி யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டினான்.

அன்று மாலை அவள் தாங்காமல் என்னிடமே சொல்லிவிட்டாள். "யாரோ திறவுகோலாம். எவ்வளவு திமிரு பாருங்க. ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவான்?" அழுதாள். அவள் அழுதால் என்னால் தாங்க முடியாது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "சில பேர் அப்படித்தான். விடு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மாமா கேமராவைப் பார்க்க ஆரம்பித்தார். கேமராவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், திரும்பக் கேமராவைப் பார்ப்பார். நெற்றியில் வேர்வை.

"வலிக்குதாப்பா?" என்று அவள் கேட்டாள். ஒரு சிமிட்டல். "கால்லயா?" இரண்டு. "முதுகா?" கொஞ்சம் தாமதித்து ஒரு சிமிட்டல். முதுகும் வலித்திருக்கும். அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள். ஆமாம், இல்லை மட்டும் இருந்தால் அப்படித்தான் சார். கேட்கிறவருக்குத் தோன்றுகிற இடத்தில்தான் வலிக்க முடியும். அவர் மறுபடி கேமராவைப் பார்த்தார்.

"என்னங்க கேக்குறார்? எனக்குப் புரியலையே" என்றாள்.

"டிவி போடச் சொல்றார்" என்றேன்.

போட்டோம். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். கேமராவைக் கேட்கிறார் என்று தெரியும். வலி எங்கே, எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியைத்தான் மூடியிருந்தேனே. அதனால் தெரியாது என்று நான் சொல்வது உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "வயித்துக்குள்ள புண்ணு வெடிச்சிருக்கு. ரொம்ப நாளாவே வலி இருந்திருக்குமே, சொல்லவே இல்லையா?"

"எப்படி சார் சொல்வார்?" என்றாள் அவள். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மாமா அன்றே போய்விட்டார்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, எங்கள் குழுவில் இருக்கிற ஒரு பல் டாக்டர் அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறார். பொழுதுபோக்குக்கு இயங்குதளத்தைப் பிரித்துப் படிக்கிற ரகம். பூட்டிய கேள்வியைப் பார்த்து அவருக்குச் சந்தேகம். 'டிரைவரை யாராவது ஒதுக்கி வைத்திருக்கிறார்களா பாருங்கள்' என்று வழியும் சொல்லியிருக்கிறார். அவள் அப்படியே செய்து பார்த்திருக்கிறாள். நான் வேலையிலிருந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது, கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அந்த வரி நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அந்தத் திறவுகோலும் நீங்கதானா?"

"ஆமா."

அவள் கத்தவில்லை. "நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றாள். நான் செருப்பை மாட்டும்போது வாசல்வரை வந்தாள். "அந்த ஞாயித்துக்கிழமை அப்பா என்ன சொல்றதா இருந்தார்னு தெரியுமா? முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டார். 'நான் போட்ட எடை தப்பும்மா. எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு மாப்பிளைக்கு முத்திரை குத்தணும்'னார். அவரே சொல்லட்டும்னுதான் நான் வாயத் திறக்கலை."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த மனிதரை எனக்குத் தெரியாதா. அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. சொல்லியிருக்கவே முடியாது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கேமராவை நிறுத்தியது நான். தெரிந்தே நிறுத்தினேன், தெரிந்தே அப்படியே விட்டேன். அவர் கேட்டபோதும் கொடுக்கவில்லை. வலியைச் சொல்ல வழியில்லாமல் ஒரு மனிதர் செத்தார், அந்த வழியை அடைத்தவன் நான். எந்தப் பிரிவில் வரும் என்று நீங்கள் தேடுகிறீர்கள், தெரிகிறது. மெதுவாகத் தேடுங்கள். அந்தப் பிரிண்டர் கேபிளை மட்டும் இப்படிக் கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். வாசலில் அவள் சொன்னதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். பாவம், அப்பா போன துக்கம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொல்லியிருக்கிறாள்.