எர்த்து குழிக்கு ரெண்டு குடம்

...தேதி சரி தம்பி, மணிதான் தப்பு. சித்திரை பதினாலு, பகல் பதினொண்ணே கால். வெயிலு மண்டையப் பொளக்குது, மூணாம் பந்திக்கு எலை போட்டாச்சு, கரண்டு போச்சு. நிமிசக் கணக்கா எப்படிச் சொல்றேன்னா பாக்குறீக? கரண்டு போனா நோட்டுல நேரத்தக் குறிச்சு வைக்கிறவ நான். இந்தக் கல்யாண மண்டபத்துக்குச் செயலாளர்னு எம்பேரப் போட்டிருக்கிறது அலங்காரத்துக்கில்ல. உக்காருங்க. அந்த நாக்காலி வேண்டாம், கால் ஆடும். அதுவும் சுந்தரபாண்டி வாங்கிக் குடுத்ததுதான்.

ஆமா, உங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு லெட்டர் எழுதுன அதே மகராசன்தான். ஜெனரேட்டர் மாட்டுன காண்ட்ராக்டரு. வாட்ச்மேன் நல்லமுத்துவோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்காராக்கும்? அத நீங்க ஒத்துக்கிட்டா நல்லமுத்துக்கு ஒத்தக் காசு கெடைக்காது. தெரியும். அதுக்குத்தான ஒங்களக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன்.

மொதல்ல அவரு போட்ட எர்த்து குழியப் பாருங்க. ஜெனரேட்டரோட இரும்பு ஒடம்புல கரண்டு கசிஞ்சா, அது மண்ணுக்குள்ள எறங்கி ஓடணும். ஓடுற வேகத்துல மெசினு தானா நிக்கணும். அதுக்குப் பத்தடி பைப்பு. ஆறடியிலயே சுக்கான் பாறை தட்டியிருக்கு. ஒடைக்க வலிச்சிருக்கு, பைப்ப அறுத்துட்டாரு. மிச்ச நாலடி எங்கன்னா? வாசல்ல நிக்குது, வாழைமரம் கட்டுற கம்பா. நானும் அதுல சாஞ்சு நின்னு வரவேற்பு சொல்லியிருக்கேன். குழியத் தோண்டிப் பாத்தபெறகுதான் வெளங்குச்சு.

அளந்தது எப்ப? கார்த்திகையில, அடமழ பேஞ்சு கரிசல் களியாக் கெடக்கையில. அப்ப ஒரு குடைக்கம்பிய நட்டு அளந்தாலும் கரண்டுக்குத் தடை கொறச்சலாத்தான் காட்டும். ஒண்ணரை ஓம்னு தாள்ல எழுதி, பிரேம் போட்டு, நன்கொடை குடுத்தவுக படத்துக்குப் பக்கத்துல மாட்டி, மாலையும் போட்டாரு. பங்குனி பொறந்தா இந்த மண்ணு கை நொழையிற அளவுக்கு வெடிக்கும். பைப்ப விட்டு வெலகி நிக்கும். பிரேமுக்குள்ள இருக்குற தாளுக்கு அது தெரியுமா? விபத்து நடந்த மூணாம் நாள் அளந்தாக. எழுவது ஓம்.

எழுவதுன்னா என்னன்னா கேக்குறீக? முப்பத்தொரு வருசம் பொம்பளப் பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்துனவகிட்ட கேக்குறீக, நல்லது. கசிஞ்ச கரண்டு மண்ணுக்குள்ள எறங்க வழியில்லாம மெசினு மேலயே காத்துக்கிட்டு இருந்துச்சு. மெசின ஓட விட்டுட்டு நல்லமுத்து கைப்பிடியத் தொட்டாரு. கை ஒட்டிக்கிருச்சு.

வெறுங்காலுதான், ஒத்துக்கிறேன். செருப்பப் போட்டுக்கிட்டு பந்திக்கு நடுவுல எவன் நடப்பான் நம்மூர்ல? கை கழுவுன தண்ணி சிமெண்டுத் தரையில தேங்கி நின்னுச்சு. நாலடி தள்ளி அந்தக் குழி காஞ்சு கெடந்துச்சு.

குழியில தண்ணி ஊத்தாம விட்டுட்டாருன்னு லெட்டர்ல இருக்கா? வாசிங்க. ம். அது மட்டும் நெசம்.

பங்குனி மூணுலருந்து ஊத்தல. அதுக்கு முந்தி தெனம் காலையில ரெண்டு குடம், புனல் வழியா, ஒரு நாள் தவறாம ஊத்துனாரு. மண்ணு ஈரமா இருந்தாத்தான் கரண்டு எறங்கும்னு எந்த லைன்மேனோ சொல்லிக் குடுத்திருக்காரு, அத அப்படியே கேட்டு நடந்த மனுசன். ஏன் நிறுத்துனாருன்னு நீங்க இன்னும் கேக்கல தம்பி.

லாரித் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற ஊரு. வாசல்ல சனம் குடத்த வரிசையில வச்சுக்கிட்டு நிக்கிது. இவரு நல்ல தண்ணியக் கொண்டு போயிக் குழியில ஊத்துறாரு. சத்தம் போட்டேன். அம்மா, மெசினுக்கும்மான்னாரு. ஒம் மெசினுக்குத் தாகமெடுக்குதாக்கும்னு கேட்டேன். வரிசையே சிரிச்சுச்சு. குடத்தப் பிடுங்கி அந்தா, அந்த பீரோவுல வச்சுப் பூட்டுனேன். இந்தாங்க சாவி. பச்சை பிளாஸ்டிக் குடம், கழுத்துல சூட்டுக்கோல் வச்சு சந்தனம்மாள்னு எழுதியிருக்கும். அவரு வீட்டம்மா. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பிள்ள வந்து கேக்கல.

ஓம் விதி எனக்குத் தெரியும். அன்னைக்கு அது ஞாபகத்துக்கு வரல.

ஒங்க பாரத்துல அடியில ஒரு கட்டம் போட்டு, யாரு என்ன குடுத்தாகன்னு கேட்டிருக்கீகளே, அதையும் எழுதிக்கிருங்க. மண்டபக் கமிட்டி, ஆஸ்பத்திரிக்குப் பதினஞ்சாயிரம், வைகாசி ரெண்டாந்தேதி. சுந்தரபாண்டி, ஆப்பிளு ரெண்டு கிலோ, அதே வாரம். நல்லமுத்து, வலது கையில மூணு விரலு, வைகாசி ஒம்பது, மதுரையில வச்சு எடுத்தாக.

நான் இன்னும் ஒண்ணும் குடுக்கல. பேனாவ எடுங்க. ஜெகதீஸ்வரி, செயலாளர். தண்ணிய நிறுத்துனவுகங்கிற எடத்துல எழுதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க.