நேராகப் போன கோடு

லேப்டாப் சூடாகிறது என்றால் எல்லோரும் அடியில் ஒரு புத்தகத்தை வைத்துப் பார் என்பார்கள். வைத்துப் பார்த்தேன். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிற ஆள்தான் நான், சார். ஆனால் அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன்.

மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டில் கீழே ஓர் அறை, மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை. கீழறையில்தான் ஏசி. பக்கவாதத்தில் விழுந்த என் மாமனார் பாக்கியராஜுக்காக என் மனைவி ஃபெபா மாட்டியது. அவர் கட்டிலின் கால்மாட்டில் என் மேஜை. பெங்களூர் கம்பெனி வேலையை அங்கிருந்துதான் பார்த்தேன். மீட்டிங் நடுவில் லேப்டாப் சூடேறி அணைந்துபோகும். "ஸ்டீவ், இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஆகவே அளந்தேன். லேப்டாப்பின் சூட்டையும் அறையின் சூட்டையும் விடாமல் பதிவு செய்து, ஒரே திரையில் இரண்டு கோடுகளாக வரைய ஒரு ப்ரோகிராம் எழுதினேன். அறைக்கோடு ஏறினால் சற்று நேரத்தில் லேப்டாப் கோடும் ஏறியது. அறைக்கோடு ஏன் ஏறுகிறது? அப்பாவுக்குக் குளிருகிறது என்று ஃபெபா ஏசியை நிறுத்துவாள். வெந்நீரில் உடம்பு துடைப்பாள். கதவைத் திறந்துபோட்டுக் கஞ்சி ஊட்டுவாள். கோட்டில் இருந்த ஒவ்வொரு மேடும் மாமாவால் வந்தது. சும்மா படுத்திருந்தாலும் மனித உடம்பு சூட்டை விட்டுக்கொண்டேதான் இருக்கும். இது நான் சொல்வதில்லை, அறிவியல்.

பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது என்பார்களே, அப்படி ஒரு வழி தோன்றியது. ஏப்ரலில் மாமாவை மாடிக்கு மாற்றலாம் என்றேன்.

"ஷீட்டு ரூமுங்க அது. வெயிலு ஏறுச்சுன்னா அடுப்பாட்டம் காயும். அப்பா எப்பிடித் தாங்குவாரு?" என்றாள் ஃபெபா.

"ரெண்டு நாளுதாம்மா. ஃபேன் இருக்குது. நான் ஊட்லதான இருக்கறேன், பாத்துக்க மாட்டனா?"

அதை நம்பித்தான் அப்பாவை மாடியில் படுக்கவைத்துவிட்டு, தன் வேலைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போனாள். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மேலறையிலும் சூட்டை அளக்கிற ஒரு சென்சார் வைத்து மூன்றாவது கோடாகச் சேர்த்திருந்தேன். கீழறைக் கோடு நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. மனசு நிறைந்துபோனது, சார். மேலறைக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு சரோஜம்மாள் வாசலில் வந்து நின்றார். "ஏனப்பா, மேல பெரியவரு செவுத்தத் தட்டறாப்பல கேக்குதே?"

"பின்னாடி ஊட்ல மேஸ்திரி வேலைங்கம்மா" என்றேன்.

பிறகு மேலறைக் கோடு திடீரென்று எகிறியது. போய்ப் பார்த்தேன். ஜன்னல் வெயில் கட்டில் மேலும் சென்சார் மேலும் விழுந்திருந்தது. நேர் வெயில் பட்டால் சென்சார் தப்பாகக் காட்டும். அதை எடுத்து நிழலில் வைத்தேன். மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நாக்கு வறண்டு பேச்சு வரவில்லை. விரல்களை வலிக்காமல் பிரித்துவிட்டேன். ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் விடமாட்டார், கீழே மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து கதவைத் தாழிட்டேன்.

சாயங்காலம் சத்தம் இல்லை. அவரைத் தூக்கிவந்து கீழறையில் கிடத்தி ஏசியைக் கூட்டி வைத்தேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஃபெபாவிடம் சொன்னேன். சரோஜம்மாள் போலீசில் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கிறீர்கள். சென்சாரை நகர்த்தும்போதே அவர் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தாழிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபெபா என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் கீழறைக் கோட்டை மட்டும் ஒருமுறை காட்டுங்கள், சார். பார்த்தால் அவளே ஒத்துக்கொள்வாள்.