எந்த மருந்து என்று கேட்ட அமுதவள்ளி

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சபாபதி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிர்வாக இயக்குநர் தனேஷ் அவர்களே! தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாமரை அவர்களே! காப்பாரிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து, கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் புனிதா அவர்களே! துக்கத்தில் பங்குகொள்ள வந்த உங்கள் அனைவருக்கும் இந்தக் குருவின் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நல்லதை மட்டும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அமுதவள்ளி அம்மையாரைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேசப்போகிறேன். எங்களைப் பற்றி அந்த வாக்கை நான் கொடுக்கவில்லை.

எங்கள் மருத்துவத் தொலைபேசி மையத்தில் தமிழ்ப் பிரிவு என்றால் அம்மையார்தான். பத்தொன்பது ஆண்டுகள்! நோயாளிகளை அழைத்து, மருந்து சாப்பிட்டார்களா, வலி எப்படி இருக்கிறது என்று கேட்பது வேலை. எளிய வேலை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் பேசினாள். “மருந்து குடிச்சிட்டேன்கா” என்றாள். நானாக இருந்தால் ‘ஆம்’ என்று குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போயிருப்பேன். அம்மையார் கேட்டார்: “எந்த மருந்தும்மா? டாக்டர் குடுத்ததா, புல்லுக்கு அடிக்கிறதா?”

மறுமுனையில் அழுகை. அம்மையார் ஒரு தாளில் ‘ஆம்புலன்ஸ்’ என்று எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார். “போன வைக்காதம்மா, பேசிக்கிட்டே இரு. இன்னிக்கி என்ன சமைச்ச, சொல்லு” என்று அரை மணி நேரம் அவளைப் பிடித்து வைத்திருந்தார். அந்தப் பெண் பிழைத்தாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “மாத்திர சாப்பிட்டேன்னு சொல்றவங்க குரல்ல ஒரு சலிப்பு இருக்கும் குரு. அந்தப் புள்ள குரல்ல சலிப்பே இல்ல” என்றார்.

அப்படிப்பட்ட காதை என்ன செய்தோம் தெரியுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் செயற்கை நுண்ணறிவு வந்தது. சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் அறிமுக விழா. அம்மையார் எழுந்து அந்த இயந்திரத்திடமே கேட்டார்: “மருந்து குடிச்சிட்டேன்னா என்ன அர்த்தம்?” அது தெளிவாகப் பதில் சொன்னது. நோய்க்கு மருந்து உட்கொண்டேன் என்றும் பொருள் வரும், நஞ்சு அருந்திவிட்டேன் என்றும் பொருள் வரும் என்றது. மண்டபமே கைதட்டியது. மிகப் பலமாகத் தட்டியவன் நான்.

“பாத்தீங்களா ஆன்டி? அதுக்கு எல்லாம் தெரியும்லா” என்றார் தனேஷ்.

“நாம கேக்கும்போது தெரியுது தம்பி. நெசமா ஒருத்தர் சொல்லும்போது தெரியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் இயந்திரம் நோயாளிகளை அழைத்துப் பேச ஆரம்பித்தது. அது பேசி முடித்ததை எழுத்தில் படித்துப் பார்க்கும் வேலைக்கு அம்மையார் மாற்றப்பட்டார். ஒரு நாளைக்கு நானூறு உரையாடல்கள். மாற்றியது மேற்பார்வையாளரான நான்.

போன நவம்பரில் ஒரு நாள், பிற்பகல் மூன்றே கால். காப்பாரில் மருந்தடிக்கும் வேலை பார்த்த கன்னையா என்பவரை இயந்திரம் அழைத்தது. முதுகுவலிக்காரர். “இன்று மருந்து எடுத்துக்கொண்டீர்களா?” என்று கேட்டது.

“குடிச்சிட்டேன். மருந்து குடிச்சிட்டேன். இனிமே வலிக்காது.”

“மிக்க மகிழ்ச்சி. தொடர்ந்து இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.”

“தொடர்ந்தா? சரிலா. என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொல்லிருங்க.”

“உங்கள் மனைவிக்கும் எங்கள் வாழ்த்துகளைத் தெரிவியுங்கள்.”

இதற்கு இயந்திரம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண் என்ன தெரியுமா? ‘நோயாளி மனநிறைவு: மிக நன்று’!

மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மையார் இதைப் படித்தார். நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. உடனே அந்த எண்ணை அழைத்தார். எடுத்தவர் அவர் மனைவி. “பொணவறை வாசல்ல நிக்கிறேன். யாருங்க நீங்க?”

அந்த மனைவிதான் கடைசி வரிசையில் இருக்கும் புனிதா.

அன்று மாலையே அம்மையார் காப்பாருக்குப் போனார். போகாதீர்கள், நிறுவனத்துக்குச் சிக்கல் என்று நான் தடுத்தேன். மீறிப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னார். புனிதா கேட்டாராம்: “நீங்க பேசியிருந்தா, எந்த மருந்துன்னு கேட்டிருப்பீங்களாக்கா?”

“கேட்டிருப்பேம்மா.”

“அப்ப ஏன் நீங்க பேசல?”

அம்மையார் தலைகுனிந்து நின்றாராம். ஏன் அவர் குனிய வேண்டும்? குனிந்திருக்க வேண்டிய தலை இது!

அதன் பிறகு நாங்கள் செய்ததைக் கேளுங்கள். தலைமையகம் விளக்கம் கேட்டது. தனேஷ் அவர்கள் என்னை அழைத்து, “மிஷின் மேல வராம எழுது” என்றார். எழுதினேன். ‘ஆபத்தான உரையாடலை உரிய நேரத்தில் கண்டறியத் தவறிய மனிதத் தவறு’ என்று அம்மையாரின் பெயரைப் போட்டு எழுதினேன். அந்த உரையாடல் அவர் கணினிக்கு வந்ததே மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு. அவர் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார். அது தெரிந்தே எழுதினேன்.

அதையே காரணமாகக் காட்டி நான் கையெழுத்துப் போட்ட வேலைநீக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மையார் கேட்டார்: “குரு, இதுக்கு ஒரு அர்த்தம்தான?”

“ஆமாக்கா” என்றேன்.

கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் கழித்து, கம்போங் மேடான் வீட்டின் சமையலறையில் விழுந்து கிடந்தவரைத் தாமரைதான் பார்த்தார். பக்கவாதம். ரத்த அழுத்தம் என்றார் மருத்துவர். என் கடிதம்தான் கொன்றது என்று சொல்லி இங்கே கண்ணீர் வாங்க மாட்டேன். ஆனால் அந்த நான்கு மாதமும், தான் காரணமே இல்லாத ஒரு சாவை அவரைச் சுமக்க வைத்தவன் நான்.

தனேஷ் அவர்கள், “குரு, போதும்லா, உக்காரு” என்கிறார். போதாது, ஐயா. இந்த மண்டபத்துக்கு வாடகை கட்டியது நீங்கள். ஆளுயர மாலை வாங்கியதும் நீங்கள். உயிரோடு இருந்தவருக்கு ஒரு நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க மட்டும் உங்களுக்கு மனம் வரவில்லை!

மனிதர் பேச்சு இயந்திரத்துக்குப் புரியுமா என்று வாசலில் ஒருவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது. அதற்குச் சந்தேகம் வரவில்லை, இன்னொரு கேள்வி கேட்கவில்லை. அவ்வளவுதான் தெரியும். ஆனால் எனக்கு எல்லாம் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரிந்துதான் அந்தப் பொய்யை எழுதினேன்.

அம்மையாரே! உங்கள் பணியைத் தொடர்வேன் என்று சபதம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. அந்தக் காது எனக்கு வாய்க்கவில்லை. உங்கள் பெயரில் நான் பூசிய சேற்றைக் கழுவுவேன். அது என்னால் முடியும்.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கிள்ளான் நீதிமன்றத்தில் கன்னையாவின் மரண விசாரணை. ஆறு மணி ஐந்து நிமிடம் என்று பதிவான தாளை நான் கொண்டு வருகிறேன். தாமரை அவர்களே, அம்மாவுக்கு வந்த கடிதத்தை நீங்கள் கொண்டு வாருங்கள். அதன் கீழே இருக்கும் கையெழுத்து யாருடையது என்று நீதிபதி கேட்கும்வரை நான் காத்திருக்க மாட்டேன்.