இறங்க மறந்த கோடு

அக்கா: இது எத்தனாவது பாட்டில்?

தம்பி: தாகம்.

அக்கா: தாகமாம். கழுத்துல ஈரத்துண்டு, கையில ஐஸ் தண்ணி, வந்ததுலேருந்து உக்காந்த இடத்தை விட்டு அசையலை. பரீட்சைக்குப் பிட் எடுத்துட்டு வந்தவன் மாதிரி முழிக்கிறே.

தம்பி: உடம்பு சூடாச்சுன்னா கால் இழுக்கும். டாக்டரே சொன்னதுதானே.

அக்கா: வெயில்ல அலையாதேன்னு சொன்னாரு. என்னை ஏமாத்த வர்றப்ப ஐஸ் குடிச்சுட்டு வான்னு சொல்லலை.

தம்பி: மெதுவா… சிஸ்டர் பாக்கறாங்க.

அக்கா: பாக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்துல ஸ்டாப்வாட்சைத் தூக்கிக்கிட்டு அவங்கதான் வரப்போறாங்க. இந்த மஞ்சக் கோட்டுலேருந்து அந்த மஞ்சக் கோடு வரைக்கும் இருபத்தஞ்சு அடி. தொரை ராஜநடை போடுவாரு. டாக்டர் பிரமாதம்னு எழுதுவாரு. வீட்டுக்கு வந்து மூணு படி ஏற மூணு நாள் ஆகும்.

தம்பி: நான் ஒண்ணும் உன் கேஸ் இல்லக்கா.

அக்கா: ஓஹோ.

தம்பி: ரெண்டும் எம்.எஸ்.தான்… ரெண்டு பேருக்கும் நரம்பு மேல இருக்கிற உறையை உடம்பே தின்னுது, சரி. ஆனா உன்னுது வேற வகை, என்னுது வேற வகை.

அக்கா: ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு வர்றது அபூர்வம்னு டாக்டரே வாயைப் பொளந்தாரு. அதுலயும் வகை பிரிச்சுப் பெருமை. சொல்லு, கேக்கறேன். எதிர்ல சுவத்துல வகைக்கு ஒரு கோடுன்னு படம் போட்டு ஒட்டியிருக்கான் பாரு, அதை வெச்சே சொல்லு.

தம்பி: பாடம் நடத்தணுமா இப்போ?

அக்கா: நேரம் போகணும்ல.

தம்பி: முதல் கோடு, நான். ஏறுது, இறங்குது. அட்டாக் வரும், கண்ணு மங்கும், கை மரத்துப்போகும்… நாலு வாரம், ஆறு வாரம். அப்புறம் தணிஞ்சிடும். வந்துட்டுப் போற வகை.

அக்கா: விருந்தாளி.

தம்பி: ஆமா. மூணாவது கோடு, நீ. முதல் நாள்லேருந்து ஒரே ஏத்தம். பெரிசா அட்டாக்கும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

அக்கா: வீட்டோட மாப்பிள்ளை. வந்தான், உக்காந்தான், ஒவ்வொரு அறையா எடுத்துக்கிட்டான். சரி… நடுவுல இருக்கிறதை ஏன் தாண்டிட்டே?

தம்பி: எதை?

அக்கா: ரெண்டாவது கோடு. கண்ணும் திரும்ப மங்கிடுச்சா?

தம்பி: அது நமக்கு இல்ல.

அக்கா: இல்லாததையும் தெரிஞ்சுக்கலாம். தப்பில்ல.

தம்பி: முதல்ல சில வருஷம் ஏறி இறங்கும். அப்புறம்…

அக்கா: அப்புறம்?

தம்பி: ஏறிட்டே போகும்.

அக்கா: இறங்க மறந்துடும்.

தம்பி: எனக்கு ரெண்டு வருஷமா ஒரு அட்டாக் கிடையாது. டைரியில எழுதி வெச்சிருக்கேன். கடைசியா வந்தது வலது கண்ணு. அதுக்கப்புறம் பக்கம் பக்கமா காலி.

அக்கா: அட்டாக் இல்ல, சரி. செருப்பு ஏன்டா தேயுது?

தம்பி: எந்தச் செருப்பு?

அக்கா: வலது. வாங்கி ரெண்டு மாசம், நுனி ஓட்டை. இடது கடையில இருந்த மாதிரியே இருக்கு.

தம்பி: மட்டமான செருப்பு.

அக்கா: ஒத்தைச் செருப்பு மட்டும் மட்டமாக்கும்.

தம்பி: டைரியை வேணா பாரு. ஒரு அட்டாக் இல்ல.

அக்கா: விருந்தாளி வரலை, வரலைன்னு டைரியில எழுதறானாம். அவன் எங்கடா வருவான்? போயிருந்தாத்தானே வர்றதுக்கு.

தம்பி: உனக்குப் பொறாமைக்கா.

அக்கா: எதுக்கு?

தம்பி: நான் நடக்கறேன்னு. ஊசி எனக்கு வேலை செய்யுது, உனக்குச் செய்யலைன்னு.

அக்கா: சொல்லிட்டியா? மனசு ஆறிச்சா?

தம்பி: …கோவத்துல வந்துடுச்சு.

அக்கா: ஒம்பது வருஷமா இந்த நோயோட இருக்கேன். உன் பேச்சுக்கெல்லாம் அழுதுக்கிட்டிருக்க எனக்கு நேரமில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுவியா, மாட்டியா?

தம்பி: சொன்னா எழுதிடுவாரு. அந்த ரெண்டாவது வகைன்னு எழுதிட்டாருன்னா லைசென்ஸ் போச்சு. வேன் போச்சு.

அக்கா: வேன்ல உக்காந்திருக்கிற பதினெட்டுப் பிள்ளைங்க?

தம்பி: அதுங்களுக்கு என்ன?

அக்கா: என்னவா? பிரேக்கை மிதிக்கிற கால் எதுன்னு ஸ்கூல் வேன் டிரைவருக்கு நான் சொல்லித் தரணுமா?

தம்பி: போதும்.

அக்கா: ஐஸைக் குடிச்சுட்டு இருபத்தஞ்சு அடி நடந்துடலாம். குறுக்க ஒரு பிள்ளை ஓடி வந்தா, இரு கண்ணு, பாட்டில் எங்கேன்னு பாத்துட்டு வர்றேன்னு சொல்லுவியா?

தம்பி: போதும்னு சொன்னேன்ல.

நர்ஸ்: அடுத்தது யாரு… தம்பியா, அக்காவா?

அக்கா: இவன்தான் சிஸ்டர். ஜோரா ரெடியா இருக்கான்.

நர்ஸ்: வாங்க சார். அக்காவோட வீல்சேர் அங்கேயே இருக்கட்டும். அதைப் புடிச்சுக்கிட்டு நடந்தா கணக்குல வராது.

தம்பி: ரெண்டு நிமிஷம் சிஸ்டர்.

நர்ஸ்: சரி, ஃபைலை எடுத்துட்டு வந்துடறேன்.

அக்கா: என்ன ரெண்டு நிமிஷம்? எழுந்திரு. போய் ராஜநடை போடு.

தம்பி: அக்கா… வேன்ல பிள்ளைங்க இல்ல.

அக்கா: என்னது?

தம்பி: நான் வேன் எடுத்து நாப்பது நாளாச்சு. ஷெட்டுல திருப்பும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுக் கால் வரலை. எடு எடுன்னு நான் சொல்றேன், அது கேக்கலை. நேரா சுவத்துல போய் இடிச்சுது. நல்லவேளை, காலி வண்டி. அன்னைக்கே சாவியைக் குடுத்துட்டேன்.

அக்கா: தினமும் ஆறு மணிக்கு யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு எங்கடா போனே?

தம்பி: லைப்ரரிக்கு. திறக்கிற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன்.

அக்கா: மடையா. வண்டிதான் போச்சே… அப்புறம் இந்த ஐஸ், துண்டு, இந்தக் கூத்தெல்லாம் யாருக்கு?

தம்பி: உனக்குத்தான்.

அக்கா: எனக்கா?

தம்பி: டாக்டர் எழுதலைன்னா உனக்குத் தெரியவராதுல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தனாவது நல்லா இருக்கான்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்னு… இவனும் விழுந்துட்டா நம்மளை யாரு தள்ளிட்டுப் போவாங்கன்னு நீ பயந்துடுவே.

அக்கா: தள்றானாம். நாலு மாசமா நீ என்னைத் தள்ளவே இல்லடா, கைப்பிடியில சாஞ்சுக்கிட்டுத்தான் வர்றே. சக்கரத்தைச் சுத்தறது என் கை. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சால்வையை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கிட்டு வர்றேன்.