சின்ன பேட்டரியின் அனுகூலம்

சின்ன பேட்டரியை யாரும் மதிப்பதில்லை. மின் சிகரெட் வாங்க வருகிறவன் முதலில் கேட்பதே “எத்தனை நாள் நிக்கும்?” என்றுதான். அதிக நாள் நிற்பது ஒரு பெருமை என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பதினோரு வருடமாக ஷாஜிங் தொழிற்பேட்டையில் மின் சிகரெட்டைச் சோதிக்கிற வேலையைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பொருள் சீக்கிரம் தீர்ந்துபோவதிலும் சில அனுகூலங்கள் உண்டு.

நீங்கள் கேட்டது லூ பாவ்ஷானைப் பற்றி. அங்கேதான் வருகிறேன் ஐயா. வெந்நீருக்கு நன்றி. தேநீர் வேண்டாம், நாக்கில் கறை தங்கிவிடும்.

என் வேலை ஒப்பிடுவது. பேனா போல ஒல்லியான பேட்டரி, சீட்டுக்கட்டு போலத் தட்டையான பேட்டரி, சோப்புக்கட்டி போலக் கனத்த பெட்டி பேட்டரி. இவற்றின் தலையில் செருகும் திரவக் குப்பியை நாங்கள் தோட்டா என்போம். அதிலும் சின்னது, பெரியது, உள்ளே தெரிவது, தெரியாதது என்று வகைகள். எது எவ்வளவு பருமன், எத்தனை இழுப்பு தாங்கும், எதில் ஒழுகும் என்று பார்த்து அட்டவணை போடுவேன். சோதனை அறையில் இழுப்பு இயந்திரம் ஒன்று உண்டு. மூன்று நொடி இழுக்கும், முப்பது நொடி ஓய்வெடுக்கும். எங்கள் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் ஓய்வெடுக்க அனுமதி உள்ள ஒரே ஊழியர் அது.

இயந்திரத்துக்கு நாக்கு கிடையாது. அதற்குத்தான் நான். சுவை பார்ப்பவன் மிளகாய், பூண்டு, வெங்காயம் எதையும் தொடக் கூடாது. எங்கள் உணவுக்கூடத்து சமையல்காரர்களோ ஹுனான்காரர்கள். அவர்கள் மிளகாய் போடாமல் வைப்பது கைகழுவும் தண்ணீரை மட்டும்தான். ஆகவே எனக்குத் தனியாகக் கஞ்சி, பத்தரை மணிக்கு, கூடம் காலியாக இருக்கும்போது. விடுதியிலும் தனி அறை. பிறர் சமையல் வாசனை என் மூக்கைக் கெடுத்துவிடும் என்று நிர்வாகமே கொடுத்தது. சலுகை என்றார்கள். பதினோரு வருடத்தில் நான் ஒருவரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னணிக்காகச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் விடுதி மொட்டைமாடியில் லூ அண்ணனைப் பார்த்தேன். துணி காயப்போடும் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கல்லில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. பக்கத்துக் கட்டடத்தில் பிளாஸ்டிக் அச்சுகளைப் பழுது பார்ப்பவர்.

“என்ன தம்பி, நீயும் தலைமறைவா?”

“நான் எப்பவும் இங்கதாண்ணே.”

“என் காதைப் பாரு.”

இரண்டு காதிலும் ஒவ்வொரு சிகரெட் செருகியிருந்தது. எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. நாலு ஆம்பிளைகள் சந்தித்தால் நாலு சிகரெட் நீளும். வாங்காதவன் உறவை முறித்தவன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டால் தப்பலாம்.

“மூணாவதா ஒருத்தன் நீட்டினான், மூக்குல வெச்சுக்கவான்னு கேட்டுட்டு ஓடி வந்துட்டேன். நெஞ்சு அடைப்புக்குக் கம்பி வெச்சிருக்காங்கடா. டாக்டர் புகையே கூடாதுங்கிறாரு. இந்தப் பயலுக கையை நீட்டாம இருக்க மாட்டேங்கிறானுங்க.”

நான் யாரென்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. “அட, அந்த இழுக்குற ஆளு கெங் நீதானா? என்னைப் படிப்படியா இறக்கிவிடேன். மாசத்துக்கு ஒரு படி. புது வருஷம், வசந்தப் பண்டிகைக்குள்ள சைபர். அப்புறம் இந்த ஊருக்கே ஒரு கும்பிடு. ஷாவ்யாங்ல என் பொண்டாட்டி நூடுல்ஸ் கடை வெச்சிருக்கா. போய்க் கிண்ணம் கழுவப் போறேன்.”

அப்போதே அலைபேசியில் மனைவியைக் கூப்பிட்டார். திரையில் மாவுக் கையோடு யூலியான் தோன்றினார்.

“இவர்தான் வைத்தியரா? பாக்க நோயாளி மாதிரி இருக்காரே” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, அவர் சொல்றதை நம்பாதீங்க. நிறுத்திட்டேன்னு முப்பது தடவை சொன்ன மனுஷன். நீங்கதான் பாத்துக்கணும்.”

“பாத்துக்கிறேன் அண்ணி” என்றேன்.

பார்த்துக்கொண்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் கொடுத்தது பெட்டி பேட்டரி, இரண்டு மில்லி தோட்டா. சந்தையில் கிடைப்பதிலேயே நல்ல ஜோடி. இரண்டு நாள் சார்ஜ் நிற்கும், தோட்டா நாலு நாள் வரும். மாதிரிப் பொருள் என்பதால் இரண்டுக்கும் என்னிடம்தான் வர வேண்டும். அந்த வாரங்களில் லூ அண்ணன் மாடிக்கு வந்தது சராசரி நாலு முறை. வந்தால் ஒரு மணி நேரம் இருப்பார். அச்சு இயந்திரத்தைத் திட்டுவார், மேற்பார்வையாளனைப் போல நடந்து காட்டுவார். மற்ற மூன்று நாட்களும் நான் தொட்டியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒப்பிடுவது எனக்குப் பழக்கம். தட்டை பேட்டரிக்கு மாற்றினேன். ஒரு நாள்தான் நிற்கும். வாரத்துக்கு ஏழு முறை வந்தார். பிறகு பேனா வகை. பாதி நாளில் விளக்கு சிமிட்டும். அதன் சார்ஜர் தனி வகை, என்னிடம் மட்டும்தான் இருந்தது. வாரத்துக்குப் பதினொன்று. சட்டைப் பையில் கனமே தெரியவில்லை, நெஞ்சுக்கு நல்லது என்று அவரே மெச்சினார். தோட்டாவிலும் இதே கதை. உள்ளே தெரிகிற தோட்டாவில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். கறுப்புத் தோட்டாவில் அந்தத் தொல்லை இல்லை.

ஜூனில் ஒரு வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கை. மாதிரி அறைக்கு சீல் வைத்துவிட்டார்கள், வெளியே போன பொருளையெல்லாம் திருப்பி வாங்கச் சொன்னார்கள். லூ அண்ணனிடமிருந்ததையும் வாங்கி உள்ளே வைத்தேன். அந்த வாரத்தின் வரி என் நோட்டில் காலி. மற்றபடி பதிவு விடுபட்டதில்லை.

இப்போது சீட்டுகளைப் பற்றி. தோட்டாவில் நிகோடின் எவ்வளவு என்று நானே சின்னச் சீட்டு எழுதி ஒட்டிக் கொடுப்பேன். முதலில் ஐந்து சதவீதம் என்று எழுதினேன்; உள்ளே மூன்று இருந்தது. அடுத்து மூன்று என்று எழுதினேன், உள்ளேயும் மூன்று. அந்த மாதம் சீட்டும் சரக்கும் ஒத்துப்போயின, நான் குற்றமே செய்யாத மாதம் அது. பிறகு இரண்டு என்று எழுதினேன், உள்ளே நாலு. ஒன்று என்று எழுதினேன், நாலரை. அக்டோபரில் சைபர் என்று எழுதினேன். அன்று லூ அண்ணன் மாடியில் கைதட்டி ஒரு சுற்று ஆடினார். கம்பியில் தொங்கிய யாரோ ஒருவரின் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு மண்டியிட்டு வணக்கம் வைத்தார்.

“சைபர்டா தம்பி! இனி இது வெறும் ஆவிதானே? எவ்வளவு வேணா இழுக்கலாமா?”

“எவ்வளவு வேணா இழுங்கண்ணே” என்றேன்.

உள்ளே ஐந்து. ஏற்றுமதிச் சரக்கு, தரத்தில் குறை சொல்ல முடியாது.

அவர் கெட்டிக்காரர். நவம்பரில் கேட்டார். “ஏண்டா, சைபர்ங்கிறே, நெஞ்சு தறி ஓடுற மாதிரி அடிக்குதே.”

“உடம்பு நிகோடினைத் தேடுது அண்ணே. நிறுத்தினவங்க எல்லாருக்கும் ரெண்டு மூணு மாசம் இப்படித்தான்.”

“அப்ப என்ன பண்ண?”

“படபடப்பு வந்தா நாலு இழுப்பு இழுங்க. அடங்கிடும்.”

அடங்கியது. அதுதான் அந்தப் பொருளின் குணம். அவர் என் தோளைத் தட்டி, “நீ டாக்டராப் போயிருக்கணும்டா” என்றார். மருத்துவமனைக்கு நாள் குறித்திருந்ததை, வேலை அதிகம் என்று தள்ளிப்போட்டார். நான் தள்ளிப்போடச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. ஏன் என்று கேட்டால் விடை எளிது. டாக்டர் ரத்தம் எடுத்தால் சீட்டு பொய் என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விடுவார். இரண்டு வழியிலும் மாடி காலி. எனக்குத் தேவைப்பட்டதெல்லாம், பண்டிகைக்குச் சற்று முன்னால், “பழக்கம் இன்னும் சரியா நிக்கலை, இன்னொரு வருஷம் ஆகும்” என்று அவர் தானாக உணர வேண்டும் என்பதுதான். ஒரு வருடம். அதற்கப்புறம் இன்னொன்று.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மாலை ஆறு பத்துக்கு அவர் வர வேண்டும். ஆறரை வரை பார்த்தேன். நோட்டில் ‘தாமதம்’ என்று குறித்தேன். அது உங்கள் மேசையில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆறே முக்காலுக்குக் கீழே சத்தம் கேட்டது. ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில், படிக்கட்டில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஏறி வந்துகொண்டிருந்திருக்கிறார். கையில் பேனா பேட்டரி. விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் முதலில் அதைத்தான் வாங்கி அணைத்தேன். அப்படியே விட்டால் கெட்டுவிடும்.

அண்ணி வந்து உடலைக் கொண்டுபோனார். அண்ணனுடைய பையில் மிச்சமிருந்த சைபர் தோட்டாக்களையும், இறந்தபின் மருத்துவமனை கொடுத்த, நிகோடின் காட்டிய ரத்தப் பரிசோதனைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவரும் அவர்தான். ஒப்பிடத் தெரிந்தவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அவருடைய வாக்குமூலம் என்று நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, அதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

“அந்த மின் சிகரெட்டு அவருக்கு என்னைக்கும் பிடிக்கலைங்க. வாய்ல வெள்ளரிக்காத் தண்ணி மாதிரி இருக்குன்னுவாரு. அப்ப தூக்கிப் போடுங்கன்னேன். ‘அடிப் போடி, அந்தப் பையன் மாடியில ஒத்தையில உக்காந்திருப்பான். வெறுங்கையோட போனா அவனுக்குக் கூச்சமாப் போயிடும், சார்ஜ் போடணும்னு சொல்லிட்டுப் போய் உக்காருவேன்’னாரு. பண்டிகைக்கு அவனையும் கூட்டிட்டு வர்றேன், மிளகா போடாம நூடுல்ஸ் செஞ்சு வைன்னு சொல்லியிருந்தாரு. மாடியறையைக் கழுவி வெச்சிருந்தேன்.”

துக்கத்தில் இருப்பவர்கள் இப்படிப் பேசுவது இயல்பு. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. பெட்டி பேட்டரிக்கு நாலு, தட்டைக்கு ஏழு, பேனாவுக்குப் பதினொன்று. ஒரு மனிதனைப் பார்க்க வருகிறவர் பேட்டரியின் பருமனுக்குத் தகுந்தபடியா வருவார்? முப்பத்தேழு வார அளவீடு இது. வேண்டுமானால் வேறு சோதனை அறையில் கொடுத்துச் சரிபாருங்கள்.

ஜூன் மாதத்துக் காலி வரியின்மேல் விரலை வைத்திருக்கிறீர்கள். அதைத்தான் ஏற்கெனவே சொன்னேன். மாதிரி அறைக்கு சீல். அவரிடம் பேட்டரியும் இல்லை, தோட்டாவும் இல்லை. நான் கொடுக்கவும் ஒன்றுமில்லை.

வந்தாரா என்றால், வந்தார்.

திங்கட்கிழமை ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை கொண்டுவந்தார். தோலைத் தொட்டிக்குப் பின்னால் துப்பினோம். புதன்கிழமை மழை. தொட்டிக்கு அடியில் குனிந்து நின்றோம், அவர் தன் சட்டையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். வியாழக்கிழமை நிகோடின் இல்லாமல் தலை பிளக்கிறது என்று ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். எட்டு மணி வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, “சரிடா, நாளைக்கு” என்று எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வந்தார், மாலையிலும் வந்தார். மொத்தம் எட்டு முறை.

எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. ஆனால் அட்டவணையில் சேர்க்க வேண்டாம். கையில் கருவி இல்லாதபோது எடுத்த அளவு செல்லாது.